அசல் வாளும் ஆடல் வாளும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இங்குள்ள இளைஞர்களுக்கு உற்சாகத்தையும் பெரியவர்களுக்குச் சற்றுக் கவலையையும் தரக்கூடியது. திரைப்படங்களிலே வரும் கற்பனை வாள்களின் பிரதிகளைச் சேர்த்து வைப்பது நம்மவர் சிலரிடையே ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. சிலர் இணையத்தின் வழியே வாங்குகிறார்கள். சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள மாமன்மாரிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். வேறு சிலர் கம்மாலைக்கே போய், கைத்தொலைபேசியிற் படத்தைக் காட்டி, "அண்ணை, இதைப்போல ஒண்டு அடிச்சுத் தாருங்கோ" என்று கேட்கிறார்கள்.

இவர்களுக்குள் ஓயாத வாதம் ஒன்று உண்டு. பிரதி வாளானது படத்தில் வந்த வாளைப் போல அச்சொட்டாக இருக்கவேண்டுமா, அல்லது கையிலெடுத்துப் பாவிக்கத்தக்கதாக இருக்கவேண்டுமா? ஒரு கட்சியார் தோற்றமே பெரிதென்பர். மற்றக் கட்சியார் பாவிக்க முடியாத வாள் வெறும் தகடு என்பர். இதனை விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. ஏனெனில், வாள் என்ற சொல்லைக் கேட்டாலே யாழ்ப்பாணத்துத் தாய்மார் மனம் துணுக்குறும் காலத்தில் நாம் வாழ்கிறோம். ஆதலால் இரு கட்சியாரின் நியாயங்களையும் நிறுத்துப் பார்த்து, என் சிற்றறிவுக்கு எட்டிய முடிபொன்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். போலி வேறு, பிரதி வேறு. பார்ப்பவனை ஏமாற்றுவதற்குச் செய்வது போலி. "நான் இன்னதன் சாயல்" என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி நிற்பது பிரதி. இவ்வகைப் பிரதி ஆயுதம் நமக்குப் புதியதன்று. ஐப்பசி மாதத்திலே கந்தசஷ்டி முடிவில் நம் கோயில் வீதிகளில் சூரன்போர் நடைபெறுகிறது. சூரனின் மர உருவத்தைத் தோளிற் சுமந்து இளைஞர்கள் ஆட்டி வருகிறார்கள். அவன் கையில் வாளும் கேடயமும் இருக்கின்றன. அந்த வாள் எதையும் வெட்டாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அப்பிள்ளை தகப்பனின் தோளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வாளின் காரியம் அங்கே நிறைவேறிவிட்டதன்றோ?

கூத்து மேடைக்கு வருவோம். மரத்திற் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய வாளோடு ராசா வரவு வரும்போது, விடிய விடிய விழித்திருந்த சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் தமது வசந்தகான சபா மூலம் 'மயான காண்டம்' நாடகத்தைக் குடாநாடெங்கும் எண்ணற்ற மேடைகளில் நடித்தார். அரிச்சந்திரன் தன் மனைவி சந்திரமதியையே வெட்ட வாளை ஓங்கும் கட்டத்தில் அழாதவர் இல்லையென்று இங்குள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வாளின் கூரை யாராவது விசாரித்தார்களா? இல்லை. ஓங்கிய கையிலும் உருகிய குரலிலும் அதன் உண்மை இருந்தது.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். ரோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் எழுதிய கற்பனைக் காவியத்தை நியூசிலாந்திலே படமாக்கி, 2001ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை மூன்று பாகங்களாக வெளியிட்டார்கள். 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' என்னும் அப்படங்களே இன்று உலகெங்கும் வாள் சேர்ப்போர் பலருக்கு மூலமாக விளங்குகின்றன. அவற்றுக்கான ஆயுதங்களை வெலிங்ரனில் உள்ள வேற்றா வேர்க்சொப் என்னும் பட்டறை செய்தது. முக்கிய வாள்களைப் பீற்றர் லையன் என்னும் வாட்கொல்லர் உருவாக்கினார்.

இங்கேதான் நமது வாதத்தின் வேர் இருக்கிறது. படத்தில் ஒரே வாளாக நாம் காண்பது பட்டறையில் ஒரே வாளாக இருக்கவில்லை. கமெரா கிட்ட வரும்போது காட்டுவதற்கு வில்லுருக்கினாற் செய்த வாள். சண்டைக் காட்சியில் வீசுவதற்கு அதே வடிவில் பாரங்குறைந்த அலுமினிய வாள். குதிரை ஓட்டத்திலும் கூட்டச் சண்டையிலும் எவருக்கும் காயம்படாதிருக்க, அச்சில் வார்த்த றப்பர் வாள். இம்மூன்றும் படத்தில் நடித்தவையே. அப்படியாயின் அசல் எது? உருக்கு வாளைச் சொல்வோமாயின், சண்டையிட்டது அதுவன்று. அலுமினிய வாளைச் சொல்வோமாயின், நம் கண்ணை மயக்கிய பளபளப்பு அதனுடையதன்று. "படத்தில் உள்ளதைப் போலவே வேண்டும்" என்று கேட்பவர், தாம் கேட்பது இன்னதென்று தெரியாமலே கேட்கிறார்.

நம் தமிழ்ப் படங்களும் இதையே காட்டுகின்றன. எஸ். எஸ். வாசன் தயாரித்து 1948ஆம் ஆண்டில் வெளியான 'சந்திரலேகா'வில் முரசு நடனம் முடிந்த பின் ரஞ்சனும் எம். கே. ராதாவும் செய்யும் நீண்ட வாட்போரைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எம். ஜி. ஆர். தாமே இயக்கி நடித்த 'நாடோடி மன்னன்' 1958இலும், அவரும் நம்பியாரும் வாள் சுழற்றிய 'ஆயிரத்தில் ஒருவன்' 1965இலும் வந்தன. அப்படங்களைத் திரும்பப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். அந்த வாள்களிற் பல மெல்லியவை, விரைந்து சுழலத்தக்கவை. பழைய அரசர் காலத்து வாள் எப்படி இருந்தது என்பதைக் காட்டிலும், நடிகரின் மணிக்கட்டு எவ்வளவு வேகமாகச் சுழலும் என்பதே அங்கு முக்கியம். 'பாகுபலி' 2015இலும் 2017இலும் வந்தபோது நிலைமை மாறியது. சாபு சிரிலின் கலையமைப்பில் உருவான அகன்ற, கனத்த வடிவங்கள் கண்ணை நிறைத்தன. முன்னையவை கைக்காகச் செய்த வாள்கள் என்றால், பின்னையவை கண்ணுக்காகச் செய்த வாள்கள் எனலாம். இரண்டும் தத்தம் காரியத்தைச் செவ்வனே செய்தன.

அப்படியென்றால், கடையில் விற்கப்படும் பிரதி வாள் எப்படிப்பட்டது? இதனை வாங்க நினைக்கும் தம்பிமார் கவனமாகக் கேட்கவேண்டும். சுவரில் மாட்டுவதற்கென்று தொகையாகச் செய்யப்படும் வாள்களிற் பெரும்பாலானவை கறள் பிடியாத உருக்கினால் ஆனவை. அவ்வுருக்கு அடுப்படிக் கத்திக்கு நல்லது. நீண்ட வாளுக்கு அது ஏற்றதன்று. நீண்ட அலகு ஒன்றோடொன்று மோதும்போது வளைந்து மீளவேண்டும். இது வளையாமல் முறியும். அதைவிடக் கேடான இடம் கைப்பிடிக்குள்ளே மறைந்திருக்கிறது. நல்ல வாளில் அலகின் இரும்பே அகலங் குறையாத காம்பாகப் பிடியின் முனைவரை இறங்கும். மலிவான பிரதியில் அலகின் அடியில் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டி, அதன்மேல் பிடியைப் பூட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. அதை வேகமாக வீசினால் ஒட்டு விட்டு, பிடி கையிலிருக்க அலகு பறக்கும். எதிரே நிற்பது தங்கையாக இருக்கலாம், அயல்வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அந்த வாள் குற்றமுள்ளது என்று நான் சொல்லவில்லை. சுவருக்குப் பிறந்ததைச் சுழற்றியதே குற்றம்.

பாவிக்கத்தக்க வாள் வேண்டுமென்றால் வேறு வழி. கார்பன் கலந்த வில்லுருக்கை அடித்து, சரியான சூட்டில் தோய்ச்சல் போட்டு, மீண்டும் மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். நம் கம்மாலைகளில் லொறியின் வில்லுத் தகட்டிலிருந்து கத்தி அடிப்பவர்களுக்கு இந்த உருக்கின் குணம் நன்கு தெரியும். ஆனால் அது கறள் பிடிக்கும். பருத்தித்துறைக் கடலின் உப்புக்காற்று அடிக்கும் நம் பகுதியிலே, எண்ணெய் பூசித் துடைக்காமல் ஒரு மாரியைக் கழித்தால் பளபளப்பு விடைபெற்றுவிடும். அன்றியும், பழைய ஐரோப்பிய ஒருகை வாள்கள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரை, அதாவது ஏறத்தாழ மூன்று இறாத்தல் பாண் அளவே நிறையுள்ளவை. திரையிற் காணும் கற்பனை வாளின் அகன்ற அலகையும் பெரிய முடிச்சையும் அப்படியே உருக்கிற் செய்தால் அதன் நிறை கையை வீழ்த்திவிடும். வடிவத்தைக் காத்தால் வீச்சுப் போகும். வீச்சைக் காக்க அலகை மெலிவித்தால் வடிவம் போகும். ஆகவே இரண்டையும் முழுமையாக ஒரே வாளில் பெறுதல் அரிது.

இதற்கு இளைஞர் ஒருவர், "அப்படியானால் வெட்டாத வாள் வாளே அல்லவே" என்று கேட்கலாம். அவருக்கு நம் நாட்டு வாள் ஒன்றையே சாட்சியாக அழைக்கிறேன். சிங்கத் தலைப் பிடியுடைய கஸ்தானை வாளை நாம் தினமும் காண்கிறோம். தேசியக் கொடியிலே சிங்கம் ஏந்தி நிற்பது அதுவே. அந்நியர் ஆட்சிக் காலங்களில் முதலியார்மார் அதனை இடையில் அணிந்தது போர் செய்வதற்கன்று, பதவியைக் காட்டுவதற்கு. 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்து நம் நாட்டுக்குத் திருப்பித் தந்த ஆறு பொருள்களிலே பொன்னாலும் வெள்ளியாலும் அலங்கரித்த இரு கஸ்தானை வாள்களும் இருந்தன. அவை அசலா, அல்லவா என்று ஐயுறுவார் யார்? வெட்டுவதற்காக அன்றி மதிப்புக்காகவே செய்யப்பட்ட அசல் வாளும் உலகில் உண்டு என்பது இதனாற் பெறப்படும். நல்லூரிலும் செல்வச்சந்நிதியிலும் நாம் கைகூப்பி நிற்பது வேலின் முன்னே. அதன் கூரை எவரும் விரல்வைத்துச் சோதிப்பதில்லை.

ஆயினும் மற்றக் கட்சியாருக்கும் நியாயம் செய்தல் வேண்டும். பாவித்துப் பார்ப்பதனாலேயே சில உண்மைகள் புலப்படும். 9ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி என்னும் அரபு அறிஞர் வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீப உருக்கைக் குறிப்பிடுகிறார். சரந்தீபம் என்பது நம் இலங்கையே. சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்புலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. துருத்தியின்றி, பருவக்காற்றின் வேகத்தினாலேயே அவை எரிந்தன என்றால் நம்புவதற்குப் பலர் தயங்கினர். ஜில் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர் 1994ஆம் ஆண்டில் அதே மாதிரியான உலையைக் கட்டி, காற்றுக் காலத்தில் மூட்டிக் காட்டினார். காற்று மட்டும் ஊதிய அவ்வுலையில் உயர்ந்த கார்பன் உருக்கும் உண்டாயிற்று. 1996இல் அது 'நேச்சர்' இதழில் வெளியாகி உலகம் ஏற்றுக்கொண்டது. அந்த உலை ஒரு பிரதிதான். காட்சிக்கு மாத்திரம் கட்டியிருந்தால் ஒரு செய்தியும் சொல்லியிராது. எரியவிட்டதனாலே பேசியது. ஆதலால் உபயோகம் என்பது பிரதிக்கு இழுக்கன்று. எந்த உபயோகம் என்பதே கேள்வி.

கூத்தின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. 1960களிலே தெல்லிப்பழை தந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றினார். அயலூராகிய கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அம்முயற்சியில் துணைநின்றார். விடியும்வரை ஆடிய கூத்து நகரத்து மேடைக்காகச் சுருக்கப்பட்டது. அதனால் அசல் கெட்டதென்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஆட்டத்தையும் தாளத்தையும் பாடலையும் காத்துக்கொண்டு நேரத்தையே அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். எதைக் காப்பது, எதை விடுவது என்று அறிந்து விட்டமையால், பல்கலைக்கழக மாணவரும் கூத்தைத் தமதென்று கொண்டாடினர். வாள் சேர்ப்பவருக்கும் இந்த விவேகமே வேண்டும்.

இனி, மறைக்காமற் பேசவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கடந்த பல ஆண்டுகளாக 'வாள்வெட்டு' என்ற சொல் நம் பத்திரிகைகளில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. மோட்டார்ச் சைக்கிளில் வந்தவர்கள் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள் என்ற செய்தியை வாசித்து வாசித்து நம் மனம் மரத்துப்போயிற்று. அந்த வாள்களிற் சில எப்படிச் செய்யப்பட்டனவோ, அவற்றைப் பிடித்தவர்கள் நம் வயதினர். இந்த நிலத்திலே கூர் தீட்டிய வாளொன்றைத் திரைப்பட ஆசையினால் மாத்திரம் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், பொலிஸார் நம்புவார்களா என்பது இரண்டாம் கேள்வி. பக்கத்து வீட்டு அம்மா நிம்மதியாக நித்திரை கொள்வாரா என்பதே முதற் கேள்வி.

இது நம் நாட்டின் துன்பம் மாத்திரமன்று. நம்மவர் ஆயிரக்கணக்கில் வாழும் இங்கிலாந்திலே 2008ஆம் ஆண்டில் 50 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் நீளமான வளைந்த வாள்களைத் தடைசெய்தார்கள். மரபு முறைப்படி கையால் அடித்த வாள்களுக்கு விலக்களித்தார்கள். சட்டமே அங்கு 'அசல்' எது என்று பார்த்தது. ஆனால் 2022ஆம் ஆண்டில், இணையத்தில் வாங்கிய 'நிஞ்ஞா' வாளினால் பதினாறு வயது மாணவன் ஒருவன் கொல்லப்பட்டான். அவன் தாயும் குடும்பத்தாரும் விடாது நடத்திய இயக்கத்தின் பயனாக, 2025 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் அவ்வகை வாள்களும் தடைக்குள்ளாயின. அலங்காரப் பொருளென்று விற்கப்படுவது கூருள்ளதாயின், ஒரு கோப நொடியில் அது ஆயுதமாகிவிடுகிறது.

ஆகவே எனது முடிபு இது. பிரதி வாளின் உண்மை அதன் கூரில் இல்லை. அது எந்தக் காரியத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரியத்தைப் பழுதின்றிச் செய்வதில் இருக்கிறது. சுவருக்கு வேண்டுமானால் தோற்றத்தை அச்சொட்டாகத் தேடுங்கள். சுவரில் உறுதியாக மாட்டுங்கள். ஒருபோதும் சுழற்றாதீர்கள். மேடைக்கு வேண்டுமானால் மரமும் அலுமினியமும் றப்பரும் இருக்கின்றன. பெரிய பட்டறைகளே அவற்றைத்தான் நடிகர் கையிற் கொடுத்தன. பயிற்சிக்கு வேண்டுமானால் சிலம்பத்தடி இருக்கிறது. யப்பானியர் வாட்பயிற்சிக்கென்றே மூங்கிற் கீற்றுகளைக் கட்டிச் செய்த வாளைப் பாவிக்கிறார்கள். அதனால் அவர்கள் வீரம் குறைந்துவிடவில்லை. கூர் என்ற ஒன்றை மாத்திரம் நாம் விட்டுவிடுவோம். கூரை விட்டதனால் பிரதிக்கு ஒரு குறையும் வராது. விடாவிட்டால் ஊருக்கு ஒருநாள் குறை வரும். கம்மாலை வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விளையாட்டுக்கென்று கேட்டாலும், அறிந்த பிள்ளையென்றாலும், கூர் வைத்துக் கொடுக்காதீர்கள்.

நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கே வேதபாட வகுப்பில், வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிக்கும் காலம் ஒன்று வருமென்று ஏசாயா என்னும் தீர்க்கதரிசி கண்ட கனவைப் படித்தோம். லொறித் தகட்டில் மண்வெட்டியும் கத்தியும் அடித்துத் தோட்டக்காரருக்குக் கொடுக்கும் நம் கம்மாலைக்காரர் அந்தக் காலத்தை ஓரளவு கொண்டுவந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் கையிலிருந்து வாளைத் திரும்பப் பெறாதிருப்பதே நாம் செய்யக்கூடிய உபகாரம்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நியூசிலாந்துப் பட்டறையின் வாளைத் தேடி அலையும் நாம், நம் அண்ணாவிமாரின் வீட்டுப் பரணிற் கிடக்கும் மரவாள்களைத் தேடியதுண்டா? வெள்ளித்தாள் உரிந்து, செல்லரித்து, யுத்தத்திலும் இடப்பெயர்விலும் அழிந்தவை போக, எஞ்சியவை சில இருக்கக்கூடும். கிரீடங்களும் புயவணிகளும் இருக்கக்கூடும். அவை அசலானவை. நம்முடையவை. எவரையும் வெட்டாதவை. சங்க மண்டபத்தில் ஓர் அலுமாரியை ஒதுக்கி, அவற்றை அளந்து, படமெடுத்து, யார் எந்தக் கூத்தில் பிடித்த வாள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். பழைய வாளைப் பாவனையிலிருந்து ஓய்வுபெறச் செய்து, அதே அளவில் புதிய மரப்பிரதி செய்து, அடுத்த ஆண்டு விழாவில் மேடையேற்றுவோம். அசல் அலுமாரியில் இருக்கும், பிரதி ஆட்டத்தில் இருக்கும். இரு கட்சியாரும் சமாதானமாகப் போகலாம்.

பெரியவர்களே, அந்த வாள்கள் எங்கே கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். சொல்லுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.